‘சுகர் இருக்குன்னு எழுதாதீங்கண்ணே’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றாலே தலையில் மிளகாய் அரைக்கிறவர்கள் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்துவிட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அவர் எழுதியதில் பாதி உண்மை. கடலூரில் இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த மிளகாய் எங்கள் தலையிலும் எப்படி அரைபடுகிறது என்பதை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

கெடிலம் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு கடை. என்ன கடை, எந்தத் தெரு என்று எழுத மாட்டேன், எழுதினால் திருப்பாப்புலியூரே கண்டுபிடித்துவிடும். கடைக்காரருக்கு வயது நாற்பத்து நாலு. இரண்டு பெண்கள், பெரியவள் பிளஸ் டூ. மூன்று மாதத்தில் ஏழு தடவை போயிருக்கிறேன். ஐந்தாவது தடவைதான் ப்ரபோசல் ஃபாரத்தையே வெளியே எடுத்தேன். உடம்பைப் பற்றிய கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் கேட்டேன். சர்க்கரை, பிரஷர்?

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்.”

சொல்லிக்கொண்டே ஒரு பையனுக்குச் சில்லறை கொடுக்கக் கல்லாவைத் திறந்தார். பத்து ரூபாய்க் கட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை, நாலு மாத்திரை பிரித்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். சிரித்துவிட்டார். “ரெண்டு வருஷமா போட்டுக்கிறேன் சார். கன்ட்ரோல்லதான் இருக்கு.”

எழுதினேன். ரத்தம் எடுத்தார்கள். கூடுதல் பிரீமியம் கேட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஏறியிருந்தது. அதைச் சொல்ல ஏழாவது தடவை போனபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் வேறொரு ஏஜென்ட் வந்துபோயிருக்கிறார். “சுகர் இருக்குன்னு யாராவது எழுதுவாங்களாண்ணே? டெஸ்ட்டே இல்லாத பிளான் இருக்கு. மூணு வருஷம் ஓட்டிட்டீங்கன்னா கம்பெனியால வாயே தொறக்க முடியாது, சட்டமே இருக்கு. உங்க ஏஜென்ட்டுக்கு வெவரம் பத்தல.” முதல் டியூவில் பாதியைத் தானே போடுவதாகவும் சொல்லியிருக்கிறார். கையெழுத்து அன்றைக்கே ஆகிவிட்டது.

முழுப் பொய் சொல்கிறவரோடு நான் மோதிப் பார்த்துவிடுவேன். முக்கால் உண்மை சொல்கிறவரோடுதான் முடியவில்லை. அவர் சொன்ன சட்டம் இருப்பது நிஜம். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு. ஆயுள் பாலிசியை மூன்று வருஷத்துக்குப் பிறகு எந்தக் காரணம் காட்டியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது என்கிறது. 2015-இல்தான் திருத்தி இப்படி ஆக்கினார்கள். ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் ஏதாவது ஆகிவிட்டால்? கம்பெனி பழைய மருந்துச் சீட்டைத் தேடும், கிடைக்கும், கிளைமை மறுக்கும். இன்னொன்றும் உண்டு. டியூ கட்டாமல் பாலிசி லாப்ஸாகி (காலாவதியாகி) மறுபடி உயிர்ப்பித்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓட ஆரம்பிக்கும். கடை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் டியூ தவறாமல் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மழை மாதத்தில் கல்லாவே காலியாக இருக்கும்.

பாலிசி ஃபாரத்தில் வழக்கமாக இன்னொரு கேள்வியும் வரும். இதற்கு முன் எந்தக் கம்பெனியாவது உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்ததா, மறுத்ததா, கூடுதல் பிரீமியம் கேட்டதா? கேட்டது, நான் கொண்டுபோய்க் கொடுத்த கடிதமே கடையில் கிடக்கிறது. அங்கும் ‘இல்லை’தான் போட்டிருப்பார்கள். ஒரு பொய்க்கு இரண்டு பொய்.

மறைக்காமல் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர், ஃபாரத்தில் உடம்புக் கேள்விகள் இருக்கும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று ஒரே மூச்சில் எழுதக் கற்றுக்கொடுத்தார். ஒன்றிரண்டு வருஷம் நானும் அப்படித்தான் எழுதினேன். டார்கெட்டுக்காக இரண்டு பேருக்குக் கமிஷனில் பங்கும் கொடுத்திருக்கிறேன். அது 41-ஆவது பிரிவின்படி குற்றம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், வாங்குவதும் தப்பு. ‘பாதி டியூ நான் போடுறேன்’ என்கிறவர் உங்களையும் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் போட்ட விதைதான் இன்றைக்கு எங்கள் காலில் முள்ளாகக் குத்துகிறது. அதனால்தான் அந்த வாசகர் மேல் எனக்குக் கோபமில்லை.

இதே வருஷம் கைவிட்டுப் போன வேறு கதைகளும் உண்டு. நெல்லிக்குப்பம் பக்கம் ஒருவர், பதினோரு வருஷம் ஒழுங்காகக் கட்டிவந்த பாலிசியைச் சரண்டர் செய்துவிட்டுப் புதுசு எடுத்தார். ‘புதுசுக்குத்தான் ஜிஎஸ்டி கிடையாது’ என்று யாரோ சொன்னார்களாம். தனிநபர் ஆயுள் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி இல்லை என்பது சரி. பழைய பாலிசிக்குக் கட்டும் டியூவுக்கும் அதே சலுகை உண்டே! வாசலில் வைத்து அதைச் சொன்னபோது அவர் மனைவி உள்ளே போய்விட்டார். பதினோரு வருஷ போனஸில் பெரும்பகுதி போனது, வயது ஏறியதால் பிரீமியம் கூடியது, அந்த மூன்று வருஷக் கணக்கும் முதலிலிருந்து. லாபம் புது பாலிசியின் முதல் வருஷக் கமிஷன் வாங்கியவருக்கு மட்டும்தான்.

பேங்கில் டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போய் பாலிசியோடு திரும்பிய ஒரு பெரியம்மாவும் இருக்கிறார். ‘போன் வரும், எது கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்கம்மா’ என்று முன்கூட்டியே பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார்கள். பாலிசி கொடுக்கும் முன் கம்பெனி எதற்காகக் கூப்பிட்டு விசாரிக்கிறதோ, அதையே கெடுத்துவிடுகிறார்கள்.

நேர்மையாகப் பேசுகிறவன் ஏன் தோற்கிறான் என்று ராத்திரி டைரி எழுதும்போது யோசிப்பேன். என் பேச்சில் நிமிஷத்துக்கு ஒரு ‘ஆனால்’ வருகிறது. அவர் பேச்சில் வருவதில்லை. கடைவாசலில் நாலு பேர் நிற்கும்போது ‘ஆனால்’ கேட்க யாருக்கு நேரம்?

எனவே ஒரே ஒரு யோசனை. ஏஜென்ட் யாராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், வாயால் சொன்னதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ‘சர்க்கரையை எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்’ என்று ஒரு வரி. ‘ஐந்து வருஷத்தில் இரட்டிப்பு’ என்று ஒரு வரி. பேனாவை நீட்டினாலே பாதிப் பேர் அவசர வேலை வந்துவிட்டதாகக் கிளம்பிவிடுவார்கள். வருமானம் எவ்வளவு வரும் என்று காட்டும் அட்டவணையில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு கணக்கு இருந்தால், இரண்டுமே வெறும் அனுமானம்தான். 8 சதவீதத்தை விரலால் காட்டி 4 சதவீதத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறவரை நானே பார்த்திருக்கிறேன். கையை எடுக்கச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால் பாண்டு, அதாவது பாலிசிப் பத்திரம், கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்பு பொதுவாக 15 நாள்தான், 2024-இலிருந்து 30. உயிர்க் காப்பு இருந்த நாட்களுக்கான தொகை, முத்திரைத்தாள், மருத்துவப் பரிசோதனைச் செலவு போக மீதி வந்துவிடும். கம்பெனி கேட்கவில்லையென்றால் 155255 என்ற எண்ணில், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்திடமே புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது, கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. (ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்களுக்குப் போனஸ் வந்திருக்கிறது என்று எவராவது கூப்பிட்டால் அப்படியே வைத்துவிடுங்கள். அவர்கள் பாலிசியும் விற்பதில்லை, போனஸும் கொடுப்பதில்லை.)

இந்தக் கடிதத்தைச் சீக்கிரம் போடும்படி கேட்டுக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அந்தக் கடைக்காரர் உங்கள் வாசகர். காலையில் கடை திறந்ததும் முதலில் உங்கள் பத்திரிகையைத்தான் விரிப்பார், பொட்டலம் மடிக்கப் போவது பழைய பேப்பர்தான். நேரில் சொன்னால் வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்று நினைப்பார், நினைத்தால் தப்பும் இல்லை. மாத்திரை போடுகிற விஷயத்தை எழுதி அந்தக் கம்பெனிக்கே கொடுக்கட்டும், பிரீமியம் கூட்டினால் கூட்டட்டும். என்னிடம் திரும்பி வர வேண்டாம். பாண்டு வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. இன்னும் பதினொன்று இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆயுள் காப்பீட்டு முகவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.