ஒரு வாரம் கொடுங்கள்: தற்காலிக ஆசிரியர் ஒருவரின் திறந்த மடல்

கல்வித் துறையின் மதிப்பிற்குரிய உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ள 2022-இல் அனுமதி வழங்கப்பட்ட பின்னணியைத் தாங்கள் அறிவீர்கள். நிரந்தர ஆசிரியர் வந்ததும் விலக வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றுத்தான் என்னைப் போன்றவர்கள் பணியில் சேர்ந்தோம். அதில் எனக்கு முறையீடு இல்லை. எங்களை விடுவிக்கும் முறையைப் பற்றியே இம்மடல்.

அண்மையில் ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில், இடமாறுதல் பெற்ற கணித ஆசிரியர் வந்துவிட்டதால் அன்றே நான் விடுவிக்கப்படுவதாகச் சொன்னார்கள். ஏழாம் வகுப்பின் கணக்கு நோட்டுகள் பாதி திருத்தியபடி மேசைமேல் இருந்தன. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றதற்கு, வகுப்பு கலைந்துவிடும், வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள்.

அவ்வகுப்பில் ஒரு மாணவனின் தாய் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். அவனை வளர்ப்பவர் பாட்டி. மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம் ஏன் இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டால், அன்று முழுவதும் அவன் வாய் திறக்கமாட்டான். நோட்டுகளை அடுக்கித் தரும் பொறுப்பை அவனிடம் விட்டு, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை மாலையில் தனியே சொல்லிக்கொடுத்து, அவனாகவே கரும்பலகைக்கு எழுந்து வருவதற்குள் ஒரு பருவம் கழிந்துவிட்டது. மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் என்ற இணையதளத்தில் அவனுடைய ஆதார் எண் இருக்கிறது. இந்தச் செய்தி இல்லை. அதை நான் யாரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும்? சில நாள் கழித்துக் கடைவீதியில் என்னைக் கண்ட பாட்டி, "ஏன் டீச்சர் சொல்லாம கொள்ளாமப் போயிட்டீங்க? உங்களுக்கு என்ன கோவம்னு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார்.

'டெம்பரரி டீச்சர்' என்பது பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிந்துவிடுகிறது. எத்தனை நாள் இருப்பீர்கள் என்று நேராகவே கேட்பார்கள். உண்மையைச் சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொடுத்த வாக்கைத் தவறாமல் காப்பாற்றித்தான் அவர்களிடம் நம்பிக்கை பெறுகிறோம். அதை ஒரே பிற்பகலில் அறுத்துவிட்டால், அடுத்து வருபவரையும் அவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். இழப்பு புதிய ஆசிரியருக்கும்தான்.

ஆகவே, விடுவிக்கும் முன் ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்கிறேன். அந்த வாரம் இரு ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் இருக்கட்டும்.

பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று 2022-இல் நிர்ணயித்தபோதும் வகுப்பறை காலியாக இருக்கக் கூடாது என்று வந்தவர்கள் நாங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட குழுதான் எங்களைத் தேர்ந்தெடுத்தது. விடுவிக்கும்போது அந்தப் பெற்றோரில் ஒருவருக்குக்கூடத் தகவல் இல்லை. தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் எங்களைச் செலவுக் கணக்கின் ஒரு வரியாக மட்டும் பார்ப்பது வேதனை தருகிறது. ஊதியத்தையும் பணி நிரந்தரத்தையும் பற்றித் தனியே முறையிடுவோம்.

இம்மடலில் நான் பணிந்து வேண்டுவது அந்த ஒரு வாரத்தை மட்டுமே. அதற்கான சுற்றறிக்கையை அடுத்த இடமாறுதல் கலந்தாய்வுக்கு முன்பாகவே அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விடுவிக்கப்பட்ட ஒரு கணித ஆசிரியை