சங்கிலியை விடுங்கள், ஆற்றைப் பாருங்கள்

ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஸயான் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும் நம் நடைக்குழு நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாகக் குழுவில் ஒரே பேச்சுதான், சங்கிலியைப் பிடித்து ஏறுகிற ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கான பர்மிட் லாட்டரி யாருக்கு விழுந்தது, யாருக்கு விழவில்லை என்று. விழாதவர்கள் ஹோட்டலையே கேன்சல் செய்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். ஒருவர், விடியற்காலையில் போனால் யார் கேட்கப் போகிறார்கள் என்றுகூட எழுதியிருந்தார். கேட்பார்கள் ஐயா. 2022 ஏப்ரலிலிருந்து, உச்சிக்கு முன்னால் வரும் ஸ்கவுட் லுக்அவுட் என்ற இடத்தைத் தாண்ட பர்மிட் வேண்டும். இருபுறமும் அதலபாதாளமாக இருக்கிற அந்தச் சங்கிலிப் பாதையில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றதால்தான் இந்த ஏற்பாடே வந்தது. பர்மிட் இல்லாதவர்கள் ஸ்கவுட் லுக்அவுட் வரை தாராளமாகப் போகலாம், வால்டர்ஸ் விக்கிள்ஸ் என்கிற 21 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்குள்ளேயே வந்துவிடும், முட்டி தேய அதுவே போதும். முந்தின நாள் லாட்டரி ஒன்றும் இருக்கிறது, அதையும் போட்டுப் பாருங்கள்.

சரி, நான் எழுத வந்தது வேறு. இத்தனை பேச்சில் ஒருவர்கூட அதே பூங்காவில் ஆற்றுக்குள்ளேயே நடக்கிற நரோஸ் என்ற குறுகிய மலையிடுக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கீழிருந்து நடக்க அதற்கு பர்மிட் வேண்டாம், லாட்டரி வேண்டாம், ஷட்டில் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல் நடந்தால் பாதை முடிந்து ஆறு தொடங்குகிறது, அப்புறம் வர்ஜின் ஆறுதான் பாதை. சும்மா கிடைப்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். எனக்கு ஏஞ்சல்ஸ் லேண்டிங்கைவிட இதுதான் பயம். உச்சியில் நின்றால் விழுந்துவிடுவோம் என்று காலுக்கே தெரிந்துவிடும். இங்கே முழங்கால் தண்ணீர், நிழல், இருபுறமும் ஆயிரம் அடிச் சுவர், தலைக்கு மேல் ஒரு கீற்று வானம், அந்தக் கீற்றும் பளிச்சென்று நீலமாக இருக்கும். பல மைல் தள்ளி மேட்டில் கொட்டுகிற மழை அந்தக் கீற்றில் தெரியவே தெரியாது. வெறும் பாறையில் விழுந்த அந்த மழை நிற்க இடமில்லாமல் மொத்தமாக இந்த இடுக்குக்குத்தான் ஓடிவரும். தெளிந்த நீர் கலங்குகிறதா, சுள்ளியும் சருகும் மிதந்து வருகிறதா, தூரத்தில் ஏதாவது இரைகிறதா, உடனே மேடு பார்த்து ஏறுங்கள், போட்டோ அப்புறம். 2015 செப்டம்பர் 14 அன்று இதே பூங்காவில் கீஹோல் என்ற குறுகிய மலையிடுக்கில் ஏழு பேர் இப்படித்தான் வெள்ளத்தில் சிக்கி இறந்துபோனார்கள். அவர்கள் பர்மிட் வாங்கி இறங்கியவர்கள்.

ஆற்றில் வினாடிக்கு 150 கனஅடிக்கு மேல் ஓடினால் நரோஸை மூடிவிடுவார்கள். மேட்டூர் நீர்வரத்துச் செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு 150 கனஅடி என்பது மதகுக் கசிவு மாதிரி இருக்கும். சில இடங்களில் இருபது முப்பது அடிதான் அகலம், அதற்குள் வழுக்குப் பாறைமேல் நின்று பாருங்கள், புரியும். இன்னொன்று, 2020-இல் இந்த ஆற்றில் நச்சு சுரக்கும் சயனோபாக்டீரியாவை, அதாவது நீலப்பச்சைப் பாசியை, கண்டுபிடித்தார்கள். நாம் வைத்திருக்கும் வடிகட்டிப் பாட்டில் அந்த நச்சை எடுக்காது. முங்கிக் குளிக்கிற ஆசையை ஹோட்டல் நீச்சல் குளத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு அந்த இடம் உயிர். சுவரில் சாய்ந்து சாய்ந்து ஓடுகிற கோடுகளைப் பாருங்கள், அவை சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று அடுக்கிய மணல்மேடுகள், அப்படியே கல்லாகிவிட்டன. அந்த மணற்பாறைக்குள் இறங்கும் மழைநீர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மெதுவாகக் கசிந்து, கீழே நீர் புகாத அடுக்கில் முட்டி, வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் சுவரிலிருந்து சொட்டுகிறது. பாலைவனத்தில் நடுச்சுவரில் பெரணி தொங்குவது அதனால்தான். அந்த ஈரச் சுவரில் பொட்டு மாதிரி ஒரு குட்டி நத்தை இருக்கிறது, உலகத்திலேயே ஸயானில் மட்டும்தான், கை வைக்காமல் பாருங்கள். மேலே காண்டர் கழுகு வட்டமிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

போன தடவை நம்மில் ஒருவர் அணிலுக்கு முறுக்கு போட்டு, அது முறுக்கோடு விரலையும் சேர்த்துக் கடித்தது நினைவிருக்கும். அது சட்டப்படி குற்றமும்கூட. இந்தத் தடவை முறுக்கு நம் வயிற்றுக்கு மட்டும்.

ஆகஸ்ட் அங்கே இடிமழைக் காலம். காலையில் விசிட்டர் சென்டரில் அன்றைய திடீர் வெள்ள வாய்ப்பைக் கேட்போம். 'எதிர்பார்க்கலாம்' என்றோ 'வாய்ப்பு அதிகம்' என்றோ சொன்னால் நான் ஆற்றில் இறங்க மாட்டேன், ஷட்டிலில் உட்கார்ந்து ஊர் சுற்றிவிட்டு வருவேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மற்றபடி காரில் எனக்கு ஒரு இடம் வையுங்கள். பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் கம்பும் நீர் ஷூவும் வாடகைக்குக் கிடைக்கும், எல்லோரும் கால் சைஸை இன்றே அனுப்பிவிடுங்கள்.