புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் தியேட்டர் அமைக்க டிவி நல்லதா, புரொஜெக்டர் நல்லதா என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை பென்சிலும் கையுமாக. 1981 முதல் 2012 வரை திரையரங்கில் படம் ஓட்டும் அறையான கேபினில் ஆபரேட்டராக இருந்தவன் நான். வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்ததில் ஆரம்பித்து, செனான் விளக்குக்கு மாறி, கடைசியில் பிலிமே இல்லாத டிஜிட்டல் பெட்டிக்குப் பொத்தான் அழுத்திவிட்டு ஓய்வு பெற்றேன். அதனால் புரொஜெக்டரை யாராவது புகழ்ந்து எழுதினால் எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் 100 அங்குலம், 120 அங்குலம் என்று அளவையே சொல்லிக்கொண்டு போன கட்டுரையாளர், இருட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

புரொஜெக்டர் வெளிச்சத்தைத்தான் வீசும். கறுப்பை வீச அதனால் முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நமக்குத் தெரிவது வெறும் திரை. அறையில் அந்த நேரம் என்ன வெளிச்சம் இருக்கிறதோ, அதில் அந்தத் திரை எப்படித் தெரியுமோ அதுதான். கேபினில் நின்றவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் ஓடும்போது யாராவது பக்கக் கதவைத் திறந்தால் போதும், இரவுக் காட்சி வெளுத்துச் சாம்பலாகிவிடும். கதவைத் திறந்தவரை விட்டுவிட்டு ஆபரேட்டரைத்தான் திட்டுவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன். மூலைக்கு மூலை 100 அங்குலப் படம் என்றால் அகலம் 2.21 மீட்டர், உயரம் 1.25 மீட்டர், பரப்பு ஏறக்குறைய 2.76 சதுர மீட்டர். புரொஜெக்டர் மொத்தமாக வெளிவிடும் ஒளியை லூமனில் சொல்வார்கள். நிஜமாகவே 2000 லூமன் தருகிற புரொஜெக்டரின் ஒளி அந்தப் பரப்பில் விரிந்தால் திரையில் 725 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 725 லூமன் விழும். நல்ல வெளிச்சம்தான். இப்போது அறை விளக்கைப் போடுங்கள். அதிலிருந்து திரைமேல் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு 100, வெள்ளை 825. இரண்டுக்கும் இடையே எட்டு மடங்குதான் வித்தியாசம். அதே இயந்திரம் முழு இருட்டில் ஆயிரம் மடங்குக்கு மேல் காட்டும். டிவி கதை வேறு. அதன் முகமே கறுப்பு. விளக்கு எரிந்தாலும் திருப்பி அடிக்கிற வெளிச்சம் கொஞ்சம்தான். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வகையில் கறுப்பான இடத்துப் புள்ளிகள் அணைந்தே கிடக்கும்.

எனக்கே இது மறந்துபோனதுதான் வேடிக்கை. ஓய்வு பெற்றதும் மகன் ஒரு சின்னப் புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தான். பெட்டியில் 9000 லூமன் என்று கொட்டை எழுத்து. ராத்திரி ஹாலில் விளக்கை எல்லாம் அணைத்தும் படம் மங்கலாகவே இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழைய லக்ஸ் மீட்டரைத் தேடி எடுத்தேன். 80 அங்குலத்துக்கு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, சுவரை மூன்றுக்கு மூன்று ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்தேன். சராசரி 105 லக்ஸ். அதைப் பரப்பான 1.76 சதுர மீட்டரால் பெருக்கினால் 185 லூமன்! ஆன்சி லூமன் என்று சொல்வது இப்படி ஒன்பது இடத்தில் அளந்து வருகிற கணக்கைத்தான். வெறுமனே லூமன் என்று மட்டும் போட்டிருந்தால் அது எங்கே எடுத்த அளவு என்று விற்பவரைக் கேளுங்கள். அதே பெட்டியில் 4கே, அதாவது 3840க்கு 2160 புள்ளி என்றும் இருந்தது. 4கே படத்தை அது உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரில் காட்டுவது 1280க்கு 720 புள்ளி.

சரி, மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று, பிறகு உருப்படியான ஒன்றை வாங்கி ஹாலிலேயே மாட்டினேன். எங்கள் ஹாலில் மூன்று ஜன்னல். மூன்றுக்கும் கனத்த திரைச்சீலை போட்டேன். பேரன் ஹாலில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான். மனைவி டிவி ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படிப்பவள். நான்காம் நாள் காலையில், "ஏங்க, நியூஸ் பார்க்கவும் ஜன்னலை அடைக்கணுமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இப்போது ஹாலில் 65 அங்குல டிவி. புரொஜெக்டர் பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போய்விட்டது. அங்கே ஒரே ஜன்னல். அதையும் பலகை வைத்து மூடிவிட்டேன். சுவருக்கும் கூரைக்கும் அடர்ந்த சாம்பல் வண்ணம் அடித்தேன். வெள்ளைக் கூரையாக இருந்தால் திரையின் வெளிச்சமே மேலே பட்டுத் திரும்பி வந்து கறுப்பைக் கெடுக்கும். திரையைச் சுற்றிக் கறுப்புத் துணியும் கட்டினேன். தியேட்டரில் அதைத்தான் செய்வோம். டிவி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடுகிறது. புரொஜெக்டரில் வாரத்துக்கு இரண்டு படம் பார்த்தால் அதிகம். அந்த இரண்டு படத்துக்காகத்தான் நான் அதை விற்காமல் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிவி சின்னது என்று கட்டுரை குறைப்பட்டுக்கொள்கிறதே, அதற்கும் ஒரு பதில் உண்டு. 65 அங்குல டிவியை இரண்டு மீட்டரில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு விரிகிற கோணம் சுமார் 40 டிகிரி. 100 அங்குலத் திரையை மூன்று மீட்டரில் பார்த்தாலும் ஏறத்தாழ அதே கோணம்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் செலவு கிடையாது. ஆனால் நாலு பேர் வரிசையாக உட்கார வேண்டும் என்றால் இரண்டு மீட்டரில் இடிக்கும். பெரிய திரையின் பலன் அங்கேதான் தெரியும். டிவி எங்களைப் போன்ற இரண்டு பேருக்குத் தாராளம்.

படத்தின் ஓரங்களை நேராக்குவது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குப் பழைய கோபம் உண்டு. கேபின் உயரத்தில் இருக்கும், லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் படம் மேலே குறுகிக் கீழே அகன்று விழும். பிலிமுக்கு முன்னால் இருக்கிற, ஒளி போக ஓட்டை விட்ட தகட்டை அரத்தால் ராவி ராவி ஓரங்களை நேராக்குவோம். ஒரு மயிரிழை கூடினாலும் தகடு வீண். இன்றைக்கு ரிமோட்டில் கீஸ்டோன் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் நேராகிவிடுகிறது. ஆனால் அது படத்தையே சுருக்கித்தான் நேராக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளில் ஒரு பகுதி சும்மா கிடக்கும். லென்ஸையே மேலும் கீழும் நகர்த்துகிற வசதி இருந்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் சாய்க்காமல் நேராக வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 1.5 வீச்சு விகிதம் உள்ள லென்ஸ், அதாவது படத்தின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் கேட்கிற லென்ஸ், 100 அங்குலம் காட்ட 3.3 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். என் சின்ன அறையில் அது கதவுக்கு மேலே வந்துவிட்டது.

இன்னொன்று, வாங்கும் முன் வீட்டில் எல்லோருடைய கண்ணாலும் பார்க்க வேண்டும். குட்டிக் கண்ணாடிகள் பதித்த ஒரே சிப்பும், சுழலும் வண்ணச் சக்கரமும் வைத்து வண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசும் டிஎல்பி வகைப் புரொஜெக்டரில் சிலருக்கு வானவில் தெறிக்கும். கறுப்புக் காட்சியின் மேல் வெள்ளை எழுத்து ஓடும்போது கண்ணைச் சட்டென்று திருப்பினால் சிவப்பு, பச்சை, நீலமாகக் கோடு தெரியும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் மனைவிக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. அதனால் மூன்று வண்ணத்தையும் ஒரே சமயத்தில் காட்டுகிற, மூன்று எல்சிடி பலகை உள்ளதை எடுத்தோம். அப்புறம் சத்தம். புரொஜெக்டரோடு வரும் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். தனி ஸ்பீக்கரும், அதுவரை நீளும் ஒயரும், தலைக்கு மேல் விசிறி இரைச்சலும் சேர்ந்துதான் வரும்.

கடைசியாக ஒரு திருத்தம். புரொஜெக்டர் விளக்கு 20,000 மணி நேரம் உழைக்கும் என்று கட்டுரையில் இருக்கிறது. லேசர், எல்இடி வகைகளுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள். கழற்றி மாட்டுகிற விளக்கு உள்ளவற்றுக்குப் பொதுவாக 2000 முதல் 5000 மணி வரை. அதிலும் எரிய எரிய ஒளி குறைந்துகொண்டே வரும். ஆயுள் முடிகிற நேரத்தில் பாதிதான் மிஞ்சும். ஒவ்வொரு செனான் விளக்கும் எத்தனை மணி எரிந்தது என்று நோட்டில் எழுதி வைத்தே ஓட்டியவன் என்பதால் இது கண்ணில் உறுத்தியது. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு ஓரமாகவாவது இதைத் திருத்திப் போடுங்கள். படித்துவிட்டு வாங்கப் போகிறவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்கு ஆபரேட்டர், உங்கள் நீண்டநாள் வாசகன்