நான் ஏன் நிரந்தரமாக அங்கே வரமாட்டேன்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். "அப்பாவும் இல்லை, அந்தச் சிங்கப்பூர் வீட்டில் தனியா என்னம்மா பண்ணப்போறீங்க, இங்கே கான்பராவுக்கே வந்துடுங்க" என்றாய். மாப்பிள்ளையும் பக்கத்திலிருந்து "ரூம் தயாரா இருக்கு அத்தை" என்றார். மனசு நிறைந்துபோனது. ஆனால் போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், பேச்சு முடியாது. அதனால்தான் கடிதம்.

வருஷத்தில் இரண்டு மாதம் கட்டாயம் வருகிறேன். பேத்தியைக் குளிப்பாட்ட வேண்டும், மடியில் போட்டுத் தூங்கவைக்க வேண்டும், எல்லா ஆசையும் இருக்கிறது. நிரந்தரமாக மட்டும் வரமாட்டேன். காரணம், சனிக்கிழமை காலையில் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, ஆர்சி என்கிற வசிப்போர் குழு அறையில் வந்து உட்காருகிற அந்த ஏழெட்டுப் பேர்தான். "தையல் கிளாஸுக்காகவா அம்மா?" என்று நீ நினைப்பாய். அது கிளாஸ் இல்லை. என்ன என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கல்யாணத்துக்கு முன்னால் நான் காலாங் பக்கம் சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே நான் தைத்தது காலர் மட்டும். கைகளுக்கு ஒரு வரிசை, பாக்கெட்டுக்கு ஒரு வரிசை, பொத்தானுக்கு ஒரு வரிசை. காலர் கட்டு வரும், தைத்துக் கூடையில் போடுவேன், கூடை போய்விடும். அந்தச் சட்டையை யார் முடித்தார்கள், எந்த நாட்டில் யார் போட்டுக்கொண்டார்கள், எதுவும் தெரியாது. பக்கத்து மெஷினில் இருந்த பெண்ணோடு பேசக்கூட நேரம் இருக்காது. தொழிற்சாலைகள் எல்லாம் கூலி குறைந்த நாடுகளுக்குப் போனபிறகு நானும் தையலை விட்டேன்.

இப்போது இந்த வயதில், ஒரு போர்வையை எட்டுப் பேர் சேர்ந்து முடிக்கிறோம். எந்தத் துண்டை யார் தைத்தது என்று எனக்குத் தெரியும். யாருக்குப் போகப்போகிறது என்றும் தெரியும். உன் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீ யோசித்துப் பார்.

நாங்கள் தைக்கிற குவில்ட் போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் நகராமல் பிடித்துவைத்து, மேலிருந்து அடிவரை ஊசி இறங்கி ஏறுகிற மாதிரி நூலோட்ட வேண்டும். முடிச்சு வெளியே தெரியக்கூடாது. நூலைச் சுண்டி இழுத்தால் முடிச்சு மேல்துணியைத் தாண்டி உள்ளே போய்ப் பஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தைக்கும்போது அந்தச் சத்தம் மேசையைச் சுற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் அடுத்த புளோக் ஆ மா, நாங்கள் அப்படிக் கூப்பிடுகிற சீனப் பாட்டி. எண்பது தாண்டிவிட்டது. கை இன்னும் நடுங்காமல் ஓடுகிறது, கண்தான் சரியில்லை. ஊசி கோர்க்க முடியாது. அதனால் கிளம்புவதற்கு முன்னால் நாங்கள் ஒரு பத்துப் பதினைந்து ஊசியை ஒரே நூல்கண்டில் வரிசையாகக் கோர்த்துக் கொடுத்துவிடுவோம். அவர் வீட்டில் ஒவ்வொரு ஊசியாக முன்னால் இழுத்து, வேண்டிய நீளத்துக்கு நூலை வெட்டிக்கொள்வார். மற்ற ஊசிகள் நூலிலேயே வரிசையில் காத்திருக்கும். ஒரு வாரத்துக்கு அவருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. யார் கோர்ப்பது என்று நாங்கள் முறை வைத்துக்கொள்ளவில்லை. யார் முதலில் எழுந்தாலும் அந்த நூல்கண்டைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் மூன்றாம் மாடி மக்சிக், அதாவது மலாய்க்காரப் பெரியம்மா. அவர் பழைய பாத்திக் சாரோங் எதையும் தூக்கிப்போட மாட்டார். பூ எங்கே முழுசாக விழுகிறதோ அங்கே பார்த்து வெட்டுவார். நான் கொண்டுபோகிறது மதுரைச் சுங்குடி. முதல்முறை கொண்டுபோனபோது, "சாயம் போகுமே" என்று எங்கள் கூட்டத்து டீச்சர் பயந்தார். கல்லுப்பு போட்ட தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசிக் காட்டினேன். இப்போது யார் புதுத்துணி கொண்டுவந்தாலும் "உப்புத் தண்ணீரில் போட்டாயா?" என்று என்னைக் காட்டிக் கேட்கிறார்கள். நானும் ஆ மாவும் மக்சிக்கும் பேசிக்கொள்வது பழைய பாசார் மலாயில், அந்தக்காலச் சந்தைப் பேச்சு மலாயில். இளையவர்களுக்கு அது பாதிதான் புரியும்.

போன வருஷம் 'ரவுண்ட் ராபின்' என்று ஒன்று செய்தோம். ஆளுக்கொரு நடுத்துண்டு தைத்துப் பையில் போட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைச் சுற்றி ஒரு கரை தைத்து, அதற்கு அடுத்தவரிடம் கொடுப்பார். உன்னுடையது சுற்றி முடித்து வரும்வரை நீ பார்க்கவே கூடாது. நான் நடுவில் வைத்தது ஒரு மஞ்சள் சுங்குடிச் சதுரம். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது பையைத் திறந்து பார்த்தேன். மஞ்சளுக்கு அடுத்து மக்சிக்கின் பழுப்புப் பாத்திக். அதற்கு வெளியே ஆ மா பச்சை முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கிற மாதிரி வைத்திருந்தார். அதற்கும் வெளியே டீச்சர் கருநீலம். கருநீலம் எனக்குப் பிடித்த நிறமே இல்லை. கடையில் பார்த்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் அது சுற்றிலும் வந்ததால்தான் நடுவில் இருந்த மஞ்சள் எழும்பி நின்றது. என்னை அறிந்து, என் துணிக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தனியாகத் தைத்திருந்தால் அந்தப் போர்வை எனக்கு வந்திருக்காது. அதுதான் இப்போது என் கட்டிலில் கிடக்கிறது. வீடியோவில் நீ "புதுசா வாங்கினீங்களா?" என்று கேட்டாயே, அதுதான்.

அப்பா போனபிறகு நான் கொஞ்ச நாள் கீழே போகவில்லை. காரியம் முடிந்து நீயும் கிளம்பிவிட்டாய். ஒரு சனிக்கிழமை அவர்களே மேலே வந்துவிட்டார்கள். மேசைத்துணியை மடித்து வைத்துவிட்டு நம் சாப்பாட்டு மேசையிலேயே துணியை விரித்தார்கள். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. மக்சிக் என் கையில் ஊசியைக் கொடுத்து, "இந்த ஓரம் உன்னுடையது" என்று மட்டும் சொன்னார். உருளைக்கிழங்குப் போண்டா மாதிரி எல்லோரும் சாப்பிடக்கூடியதாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார்கள். சாயங்காலம்வரை தைத்தோம். அன்றைக்கு ராத்திரிதான் நான் சரியாகத் தூங்கினேன்.

சரி, உன் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளைக்கு முன்னால் எல்லோருமாகச் சாங்கி அரும்பொருளகத்துக்குப் போனோம். டீச்சர் அங்கே வைத்து ஒரு கதை சொன்னார். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச்சில் வெள்ளைக்காரக் குடும்பங்களைச் சாங்கிச் சிறைக்கு அனுப்பினார்கள். 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறை அது. அதில் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம். புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று பெண்டாட்டிக்குத் தெரியாது. அவள் இருக்கிறாளா என்று அவனுக்கும் தெரியாது.

அங்கே எத்தல் மல்வானி என்று ஒரு கனடாக்காரப் பெண்மணி. அவருக்குத் தோன்றிய யோசனை இது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுர வெள்ளைத்துணி. உன்னைப் பற்றி ஏதாவது ஒன்றை அதில் தைத்து, பெயரையும் தைத்துவிடு. அப்படி 66 சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை. மொத்தம் மூன்று செய்தார்கள்: காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று, ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று. போர்வைகள் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே கிடக்கிற ஆண்கள் பெயர்களைப் படிப்பார்கள் இல்லையா? இன்னார் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். கடிதம் எழுத விடாத இடத்தில் ஊசியால் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி சிறை அறையைத் தைத்தாள். பலர் பூக்களைத் தைத்தார்கள். ஷீலா ஆலன் என்கிற 17 வயதுப் பெண் ஆஸ்திரேலியாவின் வரைபடத்தைத் தைத்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது எங்கே தெரியுமா? போர்வையின் பின்பக்கத்தில், இது யாருக்கு, போர் முடிந்ததும் எந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, கடைசியில் இதை டிரை கிளீன் செய்வது நல்லது என்றும் எழுதியிருக்கிறார்கள். சிறைக்குள் இருந்துகொண்டு! நாளைக்குச் சோறு கிடைக்குமா என்று தெரியாத பெண்கள், போர் ஒருநாள் முடியும், இந்தத் துணியை ஒருவர் பத்திரமாகத் துவைப்பார் என்று நம்பியிருக்கிறார்கள்.

அதே சிறையில் சாரணச் சிறுமிகளும் தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து ஒன்று தைத்தார்கள். அது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரியவர்கள் செய்த மூன்றில் இரண்டு, உன் ஊர் கான்பராவிலேயே, ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பழைய துணி என்பதால் எப்போதும் வெளியில் வைத்திருப்பார்களோ என்னவோ, முன்னாலேயே கேட்டுக்கொண்டு போ. நான் வரும்போது என்னையும் ஒருமுறை கூட்டிப்போ.

இப்போது பார்சல் விஷயம். பேத்தி பிறந்த செய்தி கேட்டதும் ஆ மா சொன்னார், சீனர்கள் வழக்கப்படி குழந்தைக்கு நூறு வீட்டுத் துணி வாங்கிப் போர்வை தைக்க வேண்டும், நூறு வீட்டு ஆசியும் சேரும், ஆயுசு கெட்டி என்று. உடனே எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நாலரை அங்குலச் சதுரம் ஒவ்வொன்றும். தைத்தபிறகு நாலு அங்குலம் நிற்கும். பத்துக்குப் பத்து வைத்தால் நாற்பது அங்குலம், குழந்தைக்குச் சரியான அளவு. கோப்பிக் கடைக்காரம்மா ஏப்ரனில் ஒரு துண்டு கொடுத்தார். உன் பள்ளித்தோழியின் அம்மா, மகளின் பழைய பினஃபோர் சீருடையை எடுத்துவந்தார். தினமும் நம் புளோக்கைக் கூட்டுகிற பங்களாதேஷ் தம்பி, விஷயம் கேட்டுவிட்டு மறுநாள் தன் லுங்கியில் ஒரு முழம் வெட்டித் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் ஊரில் ஒரு பெண்குழந்தை இருக்கிறதாம். அந்த நீலக் கட்டம் மேலிருந்து மூன்றாம் வரிசையில் இருக்கிறது, தேடிப் பார்.

தயவுசெய்து அதைப் பீரோவில் வைத்துப் பூட்டாதே. குழந்தையைப் போட்டு உருட்டு, பால் கொட்டட்டும், பரவாயில்லை. எல்லாத் துணியையும் முன்னாலேயே துவைத்து உலர்த்தித்தான் தைத்திருக்கிறோம். குளிர்ந்த தண்ணீரில் துவை, நிழலில் போடு, அது போதும்.

அடுத்து நாங்கள் தொடங்கப்போவது பெயர்ப் போர்வை. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டில் தங்கள் பெயரைத் தாங்களே தைத்து அனுப்ப வேண்டும். மக்சிக்கின் மகன் தோஹாவிலிருந்து அனுப்பிவிட்டான், எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, அவர் அதைப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். உன்னுடையதும் வேண்டும். பருத்தித் துணியாக எடு. ஆறரை அங்குலத்துக்கு ஆறரை வெட்டு. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், அதனால் எழுத்து ஓரத்துக்குப் போகக்கூடாது. முதலில் பென்சிலால் எழுதிக்கொண்டு அதன்மேல் தை. மாப்பிள்ளையையும் ஒன்று தைக்கச் சொல். பேத்திக்குப் பதில் நீயே அவள் பெயரைத் தைத்துவிடு, மூன்றையும் ஒரே உறையில் போட்டு அடுத்த மாதத்துக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா