தென்னாப்பிரிக்கா கழற்றிப் போட்ட ஆறு குண்டுகள்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. மூட்டுவலி கொஞ்சம் அடங்கியதும் குழந்தையைப் பார்க்க வருகிறேன்.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அணுகுண்டு செய்த எந்த நாடும் அதை விட்டதில்லை என்கிறாய். தென்னாப்பிரிக்கா விட்டது, முருகேசா. தானே செய்ததைத் தானே கழற்றிப் போட்ட நாடு அது ஒன்றுதான். லேத்தோடும் மைக்ரோமீட்டரோடும் காலம் கழித்தவர்கள் நாம். அதனால் பட்டறைப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

நிறவெறி அரசுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று ஐ.நா. 1977 நவம்பரில் கட்டாயத் தடை விதித்தது. அதற்கு முன்பே, 1968இல், ஆர்ம்ஸ்கோர் என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே செய்யத் தயாராகியிருந்தார்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சுடும் ஜி-5 பீரங்கி, கண்ணிவெடியைத் தாங்கும் காஸ்பிர் வண்டி எல்லாம் அப்படி வந்தவை. காஸ்பிரைப் பிற்காலத்தில் நம் ராணுவமும் வாங்கியது. ஆனால் தடை அவர்களைச் சுயமாக நிற்க வைத்தது என்று புகழ்வதை நான் ஏற்கமாட்டேன். பீரங்கி நுட்பம் ஜெரால்ட் புல் என்ற கனடாக்காரரிடமிருந்து வந்தது. தடையை மீறிப் பீரங்கிக் குண்டுகள் அனுப்பியதற்காக அவர் அமெரிக்காவில் சிறைக்குப் போனார்.

அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியத்துக்கு அவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. தங்கச் சுரங்கங்களில் உபபொருளாகவே கிடைத்தது. பிரிட்டோரியா அருகே பெலிண்டாபாவில் 1965இல் இயங்கத் தொடங்கிய சஃபாரி-1 ஆய்வு உலை அமெரிக்கா கொடுத்தது. பக்கத்திலேயே வலிண்டாபாவில் செறிவூட்டும் ஆலை, அதாவது யுரேனியத்தைக் குண்டுக்கு ஏற்ற தரத்துக்குக் கொண்டுவரும் ஆலை. 1979 ஆகஸ்டில் அதன் வாயுக்களுக்குள் ஏற்பட்ட வேதிவினையால் அது நின்றுபோய், 1981இல்தான் குண்டுக்கான யுரேனியம் அதிலிருந்து மீண்டும் வரத் தொடங்கியது. ஒரு குண்டுக்குச் சுமார் 55 கிலோ செறிவூட்டிய யுரேனியம் தேவைப்பட்டது. வரைபடம் கையில் இருந்தும் பொருள் சேரும் வேகத்தில்தான் வேலை நகர்ந்தது. அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குச் சொல்லவே வேண்டாம்.

1977இல் கலஹாரி பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைக்குக் குழிகள் தயாராக இருந்தன. சோவியத் செயற்கைக்கோள் பார்த்துவிட்டது. மாஸ்கோவும் வாஷிங்டனும் சேர்ந்து நெருக்கவே மூட்டை கட்டினார்கள். ஆனாலும் உற்பத்தி நிற்கவில்லை. 1989க்குள் ஆறு குண்டுகள் முடிந்து, ஏழாவதற்குப் பாகங்களும் இருந்தன. ஒவ்வொரு குண்டையும் இரண்டு பாதியாகத் தனித்தனிப் பெட்டக அறைகளில் பூட்டி வைத்தார்கள். மேலிடத்து அனுமதி இல்லாமல் இரு பாதிகளும் ஒன்று சேரக் கூடாது என்பது விதி. இத்தனை கவனம் காட்டியவர்கள், பெரும்பான்மை மக்களுக்கு வாக்குரிமைகூடக் கொடுக்காமல், அவர்கள் மண்ணில், அவர்களுக்கே தெரியாமல் இதைச் செய்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1989இல் டி கிளர்க் அதிபராக வந்தார். அங்கோலாவில் தென்னாப்பிரிக்காவை எதிர்த்து நின்ற கியூபப் படைகள் அங்கிருந்து கிளம்பத் தொடங்கிவிட்டன, பனிப்போர் முடிந்துகொண்டிருந்தது. கறுப்பின ஆட்சியின் கைக்குக் குண்டு போய்விடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது என்பார்கள். நானும் அதை நம்புகிறேன். நோக்கம் எதுவானாலும் 1990 பிப்ரவரியில் ஆலையை மூடி, குண்டுகளைப் பிரித்து, யுரேனியத்தை உருக்கினார்கள். 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். இப்படி ஒன்று இருந்தது என்பதையே நாடாளுமன்றத்தில் 1993 மார்ச் 24 அன்றுதான் டி கிளர்க் ஒப்புக்கொண்டார். அதற்குள் வடிவமைப்பு ஆவணங்களை அழித்துவிட்டிருந்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் ஆலையின் பழைய இயக்கப் பதிவேடுகளைப் புரட்டி, உற்பத்தியான யுரேனியமும் கையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று கணக்குப் பார்த்தார்கள். கலஹாரிக் குழிகளும் அவர்கள் முன்னிலையில் அடைக்கப்பட்டன. ஷிப்டு பதிவேட்டை ஒழுங்காக எழுது என்று நம் போர்மேன் கத்துவாரே, அந்த மாதிரிப் பதிவேடுகள்தான் அங்கே சாட்சி சொன்னன.

அந்த யுரேனியத்தில் ஒரு பகுதியை வைத்து சஃபாரி-1 உலையில் மருத்துவப் பரிசோதனைக்கான மாலிப்டினம்-99 தயாரித்தார்கள். மீதி இன்னும் பெலிண்டாபாவில் இருக்கிறது. 2007 நவம்பரில் ஆயுதம் தாங்கியவர்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். பிறகு அமெரிக்கா கேட்டுப் பார்த்தும் யுரேனியத்தைக் கொடுக்க அரசு சம்மதிக்கவில்லை. உண்மையிலேயே விட்டுவிட்டார்களா என்ற உன் சந்தேகத்துக்கு இந்த ஒரு இடத்தில் என்னிடம் பதில் இல்லை.

உக்ரைனையும் கஜகஸ்தானையும் இதோடு சேர்க்காதே. அங்கே இருந்தவை சோவியத் செய்து விட்டுப்போனவை. அதைப் பற்றி நேரில் பேசுவோம். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராஜகோபால்