பொழுது போகாமலா தவித்தோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எண்பதுகளின் கலை, இசை, விளையாட்டு பற்றி சென்ற இதழில் வந்த சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். வழவழ தாளில் ஆறு பக்கம், சந்தோஷம். அதில் ஒரு வரி: 'செல்போன் இல்லாத அந்தக் காலத்தில் மக்களுக்குப் பொழுது போவதே பெரும்பாடாக இருந்தது.' எழுதிய தம்பிக்கு என்ன வயதோ. எங்களுக்கெல்லாம் அன்று பொழுது போதவில்லை.

அப்போது நான் திருவல்லிக்கேணியில், கேட்ட பாட்டுகளை கேசட்டில் பதிந்து தரும் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். (அது சட்டப்படி சரியா என்று இப்போது கிளறாதீர்கள், அன்று யாரும் கேட்கவில்லை.) வாடிக்கையாளர்கள் கோடு போட்ட நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, அறுபது நிமிட டிடிகே கேசட் ஒன்றோடு வருவார்கள். இளையராஜா இல்லாத பட்டியலை நான் பார்த்ததில்லை. பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறாவது பாட்டு நீளமாக இருந்தால் கடைசிச் சரணத்தில் டேப் தீர்ந்துவிடும். 'சரணத்தை முழுங்கிட்டியேப்பா' என்று சண்டைக்கு வருவார்கள். அதற்காகவே எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துத் தனி நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துக் கொடுப்போம், தவறிப்போய் யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று. ஆறே மாதத்தில் அதே கேசட், அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டிக்கொண்டு, வேறு பட்டியலோடு திரும்பி வரும். ஒரு பட்டியலை வாரக்கணக்கில் அடித்து அடித்துத் திருத்திய இவர்களுக்குத்தான் பொழுது போகவில்லையாம்! வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' ஓடும்போது மட்டும் கடையில் ஈ காக்கா இருக்காது.

அப்புறம் சேப்பாக்கம். 'டை ஆன டெஸ்ட், 1987' என்று படத்துக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள், இரு அணியின் ரன்னும் சமமாக முடிந்த அந்த கிரிக்கெட் ஆட்டத்தை. ஐயா, அது 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. 1987 அக்டோபரில் அதே மைதானத்தில் அதே ஆஸ்திரேலியாவிடம் ஒரு ரன்னில் தோற்றோமே, அது உலகக் கோப்பை ஆட்டம். உங்களுக்குத் தெரியாததா? டெஸ்ட் டை ஆன அன்று, முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு நான் காலரியில் இருந்தேன். வெற்றிக்கு 348. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் ஓடிக் கணக்கைச் சமன் செய்தபோது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகிக் கடைசி விக்கெட்டும் விழுந்ததும் பக்கத்திலிருந்த பெரியவர், 'ஜெயிச்சோமா, தோத்தோமா தம்பி?' என்றார். எனக்கே தெரியவில்லை. மறுநாள் கடைக்குள் நுழைந்ததும் முதலாளி கேட்டார்: 'என்ன, வயிற்று வலியும் டையா?'

விளையாட்டு என்று தலைப்புப் போட்டுவிட்டு கிரிக்கெட்டோடு முடித்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வென்ற அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் நம் ஊர்க்காரர். அவருக்கு ஒரு வரிகூட இல்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலத்தை இழந்த பி.டி. உஷாவும் இல்லை. 1988-ல் நாட்டின் முதல் செஸ் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்துக்கு, தாராள மனசோடு, அடைப்புக்குறிக்குள் இடம் தந்திருக்கிறீர்கள்.

கலைக்கு ஒரே ஒரு சினிமா பேனர் படம். நடிகர் பெயர் இருக்கிறது, தியேட்டர் பெயர் இருக்கிறது, வரைந்தவர் பெயர் இல்லை. என் சித்தப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட். கட்டம் போட்டு, சாரத்தில் ஏறி, ஒரு கண்ணுக்கே அரை நாள் செலவழிப்பார். பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் சிவப்பும் நீலமும்தான். தெருவின் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினால் முகம் நம்மைப் பார்க்கும். பேனர்களில் கையெழுத்து ஓரத்தில்தான் இருக்கும். நீங்கள் போட்ட படத்தில் அந்த ஓரத்தைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

வெட்டுவது உங்களுக்குப் புதிதல்ல. மூன்று வருடம் முன்பு இலங்கை வானொலி பற்றி நான் எழுதிய நான்கு பக்கக் கடிதம், 'கட்டுரை அருமை' என்ற இரண்டே வார்த்தைகளாக வந்தது. அந்த இரண்டும் நான் எழுதியவை அல்ல.

போகட்டும். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், அந்த டெஸ்ட் நடந்த ஆண்டு 1986 என்று ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதை வெட்டினாலும் சரி, அந்த எண்ணை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரன்,
திருவல்லிக்கேணி