பாப்பாவுக்கு, மண்புழு விஷயமா

பாப்பா,

அங்க எரிமலை மண்ணுல மண்புழு எப்படி பொழைக்குதுன்னு ஆராய்ச்சி பண்றத பத்தி நீ வாட்ஸ்அப்ல பேசி அனுப்பினத பொறுமையா கேட்டேன். அம்மாவுக்கு ஒரே கவல, எரிமலை வாய்க்குள்ள போய் உக்காந்திருக்கியேன்னு. போர்ச்சுகலோட அசோர்ஸ் தீவுல இருக்குற அந்த ஃபுர்னாஸ் எரிமலை கடைசியா வெடிச்சது 1630லதான்டின்னு சொன்னா, அப்ப அடுத்தது எப்பன்னு கேக்குறா, இதுக்கு நான் என்னத்த சொல்ல.

எனக்கு வெடிக்கிறத பத்தி பயமில்ல, வெடிக்காம எந்நேரமும் கேஸ் கசிஞ்சிக்கிட்டே இருக்கு பாரு, அதான். மண்ணு சூடா இருக்கு, அமிலமா இருக்கு, அதுல துத்தநாகம், கேட்மியம்னு விஷமாகுற உலோகமெல்லாம் சுலபமா கரைஞ்சு வந்துரும், மண்புழுவோ மண்ணையே தின்னுட்டு தோலாலயே மூச்சு விடுற ஜென்மம், அதனால ரெண்டு வழியாவும் உள்ள போகுது. மண்ணுக்குள்ள ஆக்சிஜன் கம்மின்னு அங்க உள்ள புழுவுக்கு மேல்தோல் மெலிஞ்சு போச்சுன்னு சொன்னியே, சரி, தோல் மெலிஞ்சா மூச்சு மட்டும்தான் உள்ள வருமா, கேட்மியம் வராதா? உன் ப்ரொஃபசர்ட்ட கேளு, அப்பா கேட்டாருன்னு சொல்லிராத. அந்தப் புழுவும் ஆசியாவுலேர்ந்து போனதாமே, நம்ம பக்கத்து ஆளுதான்!

குடல சுத்தி மஞ்சளும் பழுப்புமா ஒரு திசு இருக்கு, நமக்கு ஈரல் பண்ற வேலைய அது பண்ணும்னு சொன்ன பாரு, அது எனக்கு நல்லா புரிஞ்சுது. கேட்மியத்த ஒரு புரதம் புடிச்சு கட்டிப் போடுது, ஈயத்த குட்டி குட்டி உருண்டைக்குள்ள அடைச்சு வைக்குது. குண்டு விழுந்தா ஒளியுறதுக்குன்னு கட்டுன நம்ம வீட்டு பாம் ஷெல்டர் ரூம்ல அம்மா வேண்டாத சாமானையெல்லாம் தள்ளி கதவ சாத்துவாளே, அதேதான். ஆனா எதுவும் வெளிய போகலயே, அந்தப் புழுவ ஒரு குருவி கொத்துனா மொத்தமும் குருவிக்குத்தான்.

நான் ஷிப்யார்டுல பழைய பெயிண்ட் சுரண்டுன காலத்துல அப்பப்ப ரத்தம் எடுத்து ஈயம் எவ்வளவுன்னு பாப்பாங்க, ரிசல்ட் நார்மல்னா எல்லாரும் சிரிச்சிக்கிட்டே கோப்பி குடிக்க போயிருவோம். ரத்தத்துல குறைஞ்சாலும் எலும்புல போய் வருஷக்கணக்கா தங்கிரும்னு அப்ப ஒருத்தரும் சொல்லல. அதனாலதான் சொல்றேன், புழு நல்லா நெளியுது, முட்ட போடுது, அதனால பிரச்சன இல்லன்னு எவனாவது எழுதுனா ஒத்துக்காத, நீ வெட்டி மைக்ராஸ்கோப்புல பாக்குறது எதுக்கு.

இன்னொன்னு, இது முக்கியம். புழு தோண்டுறேன்னு பள்ளத்துல குனிஞ்சு ரொம்ப நேரம் இருக்காத, கார்பன் டை ஆக்சைடு காத்த விட கனம், தாழ்வான எடத்துல தேங்கும், வாசனையே இருக்காது. அழுகின முட்ட நாத்தம் வேற கேஸ், அது அடிக்கலன்னா சேஃப்னு நெனச்சிராத. கேஸ் அளக்குற மீட்டர் எடுத்துக்கிட்டு போ, தனியா போகாத. உன் ரூம் பேஸ்மெண்டா இருந்தா மாத்திரு, வாடக கூடுனா நான் பாத்துக்குறேன்.

ஏரிக்கரையில சட்டிய மண்ணுக்குள்ள இறக்கி வேக வைப்பாங்களாமே, அதுல மாட்டுக்கறி, பன்னிக்கறி எல்லாம் இருக்கும், கேட்டுட்டு சாப்பிடுன்னு அம்மா சொல்றா. அங்க சுடுதண்ணியில சேப்பங்கிழங்கு விளையுதுன்னு கேட்டதுலேர்ந்து புளிக்கொழம்பு பேச்சுதான். இங்க சிங்கப்பூர் தேக்காவுல மசாலா அரைச்சு அனுப்புறோம், பார்சல் நம்பர் நாளைக்கு போடுறேன்.

அப்பா